சீட்டுல ஒரு பொறி படலீங்க

இருங்க தம்பி, இருங்க. செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க. படியில கால் வெக்கறதுக்கு முன்னாலயே கழட்டிரோணும், அதுதான் இந்த வண்டிக்குச் சட்டம். எங்க வெக்கறதுன்னு பாக்காதீங்க, அந்த வேப்ப மரத்தடியில விட்டுருங்க. இது என்ற சொந்த லாரி செட்டு, யாரும் எடுத்துட்டுப் போயிர மாட்டாங்க.

எடப்பாடியில இருந்து வர்றீங்க, இருவது வருசம் லாரி ஓட்டியிருக்கீங்கன்னு புரோக்கர் சொன்னாப்ல. சந்தோசம். ஆனா ஏறி உக்கார்றதுக்கு முன்னால ஒரு விசயம் பேசிரலாம். திருச்செங்கோட்டு லாரி ஸ்டாண்டுல எறங்கித்தான வந்திருப்பீங்க. அங்க உங்ககிட்ட என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நாச்சிமுத்து வண்டிக்குப் போகாதே, பழைய டிரைவர் அர்த்தநாரியோட காலத் தின்னவன் அவன்னு சொல்லியிருப்பாங்க. சொன்னாங்களா இல்லியா? சரி, நீங்க சொல்ல வேண்டாம், மூஞ்சியிலயே தெரியுது. உங்களுக்கு முன்னால மூணு பேரு வந்தாங்க. டீயக் குடிச்சாங்க, வண்டியச் சுத்திப் பாத்தாங்க, ஊட்டுல கேட்டுட்டுப் போன் பண்றனுங்கன்னாங்க. ஒருத்தனும் பண்ணலை. பதினெட்டு நாளா வண்டி செட்டுலயே நிக்குது. அதனால நடந்தத என்ற வாயாலயே சொல்லிப்போடறேன். கேட்டுட்டு நாயத்தை நீங்களே சொல்லுங்க.

முதல்ல வண்டியப் பாருங்க. பழைய வண்டின்னா சுத்தியல எடுத்து ரெண்டு தட்டுத் தட்டினா ஓடும். இது அப்படி இல்லை. தலையில இருந்து வாலு வரைக்கும் வயரு, சென்சாரு, கம்ப்யூட்டரு. மழை பேஞ்சாத் தெரியுது, டீசல் கொறஞ்சாத் தெரியுது, டிரைவர் தூங்குனாக்கூடத் தெரியுதாம். சீட்டப் பாருங்க. வாங்கி ஒன்றரை வருசம் ஆச்சு, முன்பக்கம் கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்த பாலித்தீன் உறை அப்படியே இருக்குது. என்ற சம்சாரம் ஈஸ்வரி சொல்லுவா, கட்டுன பொண்டாட்டிய இப்படிப் பாத்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்னு. சிரிப்பா. நான் சிரிக்க மாட்டேன். பாத்துக்கறதுன்னா பாத்துக்கோணும், நான் தப்பாச் சொல்றனா?

அர்த்தநாரி நல்ல டிரைவர். அதை இல்லைன்னு சொன்னா என்ற வாய் அழுகிப் போயிரும். இருவத்திரண்டு வருசத்துல ஒரு ஆட்டுக்குட்டி மேல டயர் ஏத்தினவன் இல்லை. வண்டியக் கம்பெனியில இருந்து இந்தச் செட்டுக்கு ஓட்டியாந்ததே அவந்தான். இறங்கினதும் ஸ்டீரிங்கத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். இதுதாங்க மொதலாளி என்ற கடைசி வண்டி, இனி வேற வண்டி ஏற மாட்டேன்னான். வண்டி ஓட்டறதைத் தவிர அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது, காடு இல்லை, கரை இல்லை. நானும் அவனத் தம்பியாட்டம்தான் வெச்சிருந்தேன். செட்டுக்கு டீ வந்தா எல்லாத்துக்கும் ஒரே டீ. அவனுக்கு மட்டும் சக்கரை போடாம வரும். கடைக்காரன் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன், அர்த்தநாரிக்குச் சக்கரை போடாதேன்னு நானே கூப்புட்டுச் சொல்லுவேன். எந்த மொதலாளி சொல்லுவான், சொல்லுங்க பாக்கலாம்.

தை மாசம் ஒரு நாள் லோடு எறக்கிட்டு வந்தவன், மொதலாளி, சீட்டு ஆடுதுங்கன்னான். குனிஞ்சு பாத்தேன். சீட்டத் தரையோட புடிச்சிருக்கிற பிராக்கெட்டு இருக்குதல்ல, இடதுபக்கக் காலு, அதுல விரிசல் விட்டிருந்துது. பிரேக் அடிச்சா சீட்டு முன்னால சாயுது, விட்டாப் பின்னால போகுது. வெல்டிங் அடிச்சாச் சரியாப் போயிரும்னான். அடப்பாவி, வெல்டிங்குன்னு வாயில சொல்லாதேன்னேன்.

ஏன்னு கேளுங்க. சங்ககிரியில என்ற சகலை ஒருத்தரு இருக்காரு. அவரும் இதே மாதிரி வண்டிதான். பின்னால பாடியில ஒரு கம்பி விட்டுப் போச்சுன்னு வெல்டருகிட்ட விட்டாரு. அந்தப் புண்ணியவான் பேட்டரி வயரக் கழட்டாம, எர்த் கிளிப்பைக் கொண்டுபோய் முன்னால எஞ்சின்கிட்ட மாட்டிட்டு, பின்னால உக்காந்து அடிச்சான். கரண்டு எந்த வழியாப் போகும்? வண்டி பூரா போகும். கம்ப்யூட்டர் பொட்டி செத்துப் போச்சு. வெளிய பாத்தா ஒரு கீறல் இல்லை, உள்ள உசுரு இல்லை. ஒன்றரை மாசம் அந்த வண்டி நின்னுது. நான் துக்கம் விசாரிக்கற மாதிரி போய்ப் பாத்துட்டு வந்தேன். அதைப் பாத்தவன் வெல்டிங் அடின்னு சொல்லுவனா?

கம்பெனி சர்வீசுல கேட்டா வண்டிய ஒரு வாரம் விட்டுட்டுப் போங்கன்னான். லோடு வரிசையா நிக்குது, ஒரு வாரத்துக்கு நான் எங்க போறது? அர்த்தநாரிகிட்ட, கொஞ்ச நாளைக்குச் சமாளின்னேன். அவனும் சமாளிச்சான். தேங்கா மட்டைய வெட்டி அடியில முட்டுக் குடுத்து, கயித்தப் போட்டு இறுக்கிக் கட்டிட்டு ஓட்டுனான். தையில இருந்து ஆனி வரைக்கும் ஓட்டுனான். இடுப்புல நோவுன்னான், பெல்ட்டு வாங்கிக் குடுத்தேன். வண்டியில இருந்து எறங்கினா நிமுந்து நிக்கறதுக்குச் சித்த நேரம் ஆகும். கதவப் புடிச்சுட்டே நிப்பான். டிரைவர்னா இடுப்பு நோவாம இருக்குமா? எங்கப்பன் கட்ட வண்டி ஓட்டுனவரு, அவருக்கும் இடுப்பு நோவுதான்.

ஆனி மாசம் நான் வண்டியக் கழுவிட்டு இருக்கறப்பப் பாத்தேன். சீட்டு ஆடி ஆடிப் பின்னால தகரத்துல ஒரசி, பாலித்தீன் இல்லாத பின்மூலையில ரெக்சின் ரெண்டு விரக்கடை நீளம் தோலு உரிஞ்சு கெடக்குது. உள்ள மஞ்சளா ஸ்பாஞ்சு தெரியுது. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை. ஈஸ்வரி என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு கேக்கறா, நான் என்னத்தச் சொல்றது? இனிப் பொறுக்க முடியாது, உடனே வெல்டிங் அடிச்சே ஆகோணும்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆனா நான் சகலையாட்டம் ஏமாளி இல்லை. நாலு பேருகிட்ட விசாரிச்சு, எப்படி அடிக்கோணும்னு கத்துக்கிட்டேன். வியாழக்கிழமை காத்தால வெல்டர் குப்புராஜ இந்தச் செட்டுக்கே வரவெச்சேன். அவன் பட்டறைக்கு வண்டிய விட்டா அவன் சட்டம், இங்க வந்தா என்ற சட்டம். பேட்டரியில முதல்ல மைனஸ், அப்புறம் பிளஸ், ரெண்டையும் நானே கழட்டி, ஒண்ணையொண்ணு தொடாம வேட்டித் துணியில சுத்தி வெச்சேன். கம்ப்யூட்டர் பொட்டிக்குப் போற பின்னைப் புடுங்கி, வாய்க்குப் பாலித்தீன் பை போட்டு ரப்பர் மாட்டினேன். எர்த் கிளிப்பு எங்கயோ இருக்கக் கூடாது, அடிக்கற எடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கோணும், அதுவும் பெயிண்டைச் சொரண்டிட்டு வெறும் இரும்புல. மேல மீட்டர் பலகைக்குப் போர்வை, கதவுக்குப் போர்வை, பக்கத்துச் சீட்டுக்கு ரெண்டு போர்வை. அந்தப் போர்வையெல்லாம் எங்க கல்யாணத்துல ஈஸ்வரிக்கு வந்தது. குப்புராஜே, என்னங்க இது பிரசவம் பாக்கற மாதிரி பாக்கறீங்கன்னான்.

வந்து பாத்துட்டு அவன் ஒண்ணு சொன்னான். நாலு போல்ட்டக் கழட்டிச் சீட்டை வெளிய எடுத்துருங்க, அப்புறம் போர்வையும் வேண்டாம், புடிக்க ஆளும் வேண்டாம்னான். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்தப் போல்ட்டப் பாருங்க, குனிஞ்சு பாருங்க. மஞ்சளா ஒரு கோடு போட்டிருக்குதல்ல, அது கம்பெனிக்காரன் முறுக்கிட்டுப் போட்ட அடையாளம். ஒருக்காக் கழட்டுனா அந்தக் கோடு சேராது. வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரியே அந்தக் கோடு இருக்கோணும்னு எனக்கு ஒரு ஆசை. சீட்டு எடுக்கக் கூடாதுன்னுட்டேன். அப்படின்னா சீட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல ஈரச் சாக்க வெச்சு ஒரு ஆள் புடிச்சுட்டே இருக்கோணும், பின்னாலயே வயருக்கட்டு போகுது, சாக்கு நழுவுனா நான் பொறுப்பில்லைன்னான். அதுக்கென்ன, அர்த்தநாரி இருக்கான்னேன்.

குப்புராஜ் ஷூவோட ஏறுனான். கழட்டுன்னேன். ஷூவக் கழட்டுனா நான் வெல்டிங் கம்பியத் தொட மாட்டேன்னு எறங்கி நின்னுட்டான். சரி, ஒழியட்டும்னு விட்டேன், ஷூவுக்கு அடியில நியூஸ் பேப்பரு விரிச்சேன். அப்ப அவன், டிரைவரும் செருப்பப் போட்டுக்கட்டும் மொதலாளி, பொறி கீழதான் விழுகும்னான். அதுக்குத்தான் நான் சொன்னேன், நீ வேலைக்கு வந்தவன், ஷூ உன்ற தொழிலு. அர்த்தநாரி வண்டிக்காரன், அவனுக்கு அந்தக் கேபின் கோயிலு, கோயிலுக்குள்ள எவனாச்சும் செருப்போட போவானான்னு. நான் அர்த்தநாரியைப் பாத்தேன். அந்த வேப்ப மரத்தடியில, இப்ப உங்க செருப்பு கெடக்குதே அங்கதான், கழட்டி விட்டுட்டு ஏறுனான். இஷ்டம் இல்லாதவன் ஏறுவானா தம்பி? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?

ஒரு கையில சீட்டுப் பக்கம் சாக்கு, ஒரு கையில வயருக்கட்டுப் பக்கம் சாக்கு. கேபினுக்குள்ள குனிஞ்சு, வலது கால பிராக்கெட்டுக்குக் கீழ ஊனிக்கிட்டு நின்னான். அந்த இடுப்ப வெச்சுட்டு அப்படி நின்னதே பெருசுதான், அதை நான் ஒத்துக்கறேன். நான் கீழ நின்னு கருப்புக் கண்ணாடி வழியாப் பாத்துட்டே இருந்தேன். எங்க பாத்தேன்? சீட்டத்தான் பாத்தேன். குப்புராஜ் கம்பிய ஒரசுனான், வெளிச்சம் அடிச்சுது, பொறி சாக்குல பட்டுப் பட்டு அணைஞ்சுது. பாதி ஆச்சு. முக்கா ஆச்சு.

அப்பத்தான் அவன் மெதுவாக் கூப்புட்டான். "மொதலாளி, கால்ல விழுந்துருச்சுங்க. எடுத்துக்கட்டுங்களா?"

"அசையாதே, அர்த்தநாரி. சாக்கு நழுவுச்சுன்னா வண்டி போச்சு."

அவ்வளவுதான் பேச்சு. அவன் அசையலை. குப்புராஜ் மூஞ்சிக்கு மூடி போட்டுட்டு அடிச்சுட்டு இருந்தான், அந்தச் சத்தத்துல அவனுக்கு ஒண்ணும் கேக்கலை. கேக்காததும் நல்லதாப் போச்சு, கேட்டிருந்தா பாதியில நிறுத்தியிருப்பான், மறுபடி கம்பிய ஒரசுனா புதுசாப் பொறி தெறிக்கும். இன்னும் ரெண்டு இஞ்சு பாக்கி. ரெண்டு இஞ்சுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சாமி பேரச் சொல்ற நேரம். அதுக்குள்ள கருகுன வாடை ஒண்ணு வந்துது பாருங்க. ஐயோ, ஸ்பாஞ்சு புடிச்சுருச்சுன்னு நினைச்சேன். குப்புராஜ் மூடியத் தூக்கினதும் நான் பாஞ்சு ஏறி, சாக்கத் தூக்கி எறிஞ்சுட்டு, சீட்டத் தடவித் தடவிப் பாத்தேன். மோந்து பாத்தேன். அடியில கையை விட்டுப் பாத்தேன். ஒண்ணும் இல்லை. ஒரு பொட்டுக் கூட இல்லை. சீட்டுல ஒரு பொறி படலீங்க தம்பி, ஒரு பொறி. சதை கருகுற வாடையும் ஸ்பாஞ்சு கருகுற வாடையும் ஒண்ணாட்டந்தான் இருக்கும்போல, அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பேட்டரிய மாட்டி, கம்ப்யூட்டர் பின்னையும் சொருகி, சாவியத் திருகினேன். மீட்டர் பலகையில லைட்டெல்லாம் வரிசையா எரிஞ்சு, ஒவ்வொண்ணா அணைஞ்சு, ஒரு தப்பும் இல்லைன்னு காமிச்சுது. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் என்ற பொண்ணு பொறந்தப்பக் கூட இல்லை. அர்த்தநாரி கீழ எறங்கி, சாக்கு நனைச்ச பக்கெட்டுத் தண்ணியக் காலுல ஊத்திட்டு இருந்தான். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல விழுந்து அப்படியே உள்ள எறங்கியிருந்துது, ஒரு கொள்ளு அளவு. ஏறி உக்காந்து பாருன்னேன். ஏறி உக்காந்தான். முன்ன சாஞ்சான், பின்ன சாஞ்சான். ஆடலீங்கன்னான். தேங்கா ஒடைச்சேன், கற்பூரம் காட்டுனேன். ஒரு மூடி தேங்காய அவன் கையிலயே குடுத்தேன்.

மத்தியானம் நாக்பூருக்கு லோடு. ரெண்டு நாளு கழிச்சுப் போகட்டுங்களா, கால ஊன முடியலைன்னான். லோடு பேசியாச்சே தம்பி, பேசுன பேச்ச மாத்த முடியுமா? மஞ்சளையும் தேங்கா எண்ணையும் கொழைச்சு ஈஸ்வரி குடுத்தா. தடவிட்டு ஒரு துணிய மடிச்சுச் சுத்திக்கிட்டுப் போனான். அதுவும் வலது காலு, ஆக்சிலேட்டரு மேலயும் பிரேக்கு மேலயும் இருக்கற காலு. போயிட்டுத் திரும்பி வர்றதுக்குப் பத்து நாளாச்சு. வண்டியில ஒரு கீறல் இல்லாமக் கொண்டாந்து நிறுத்தினான். அதுதான் அர்த்தநாரி.

அவன் வந்த மறுநாள் கேபினத் தொறந்தா ஒரே வாடை. அழுகுன வாடை. எலி செத்துக் கெடக்குதுன்னு நினைச்சேன். எலின்னா எனக்கு ஆகவே ஆகாது, ஏன்னா அது சும்மா சாகாது, வயரக் கடிச்சுட்டுத்தான் சாகும். ஒரு நாள் பூரா நானும் ஈஸ்வரியும் கீழ விரிச்ச ரப்பர் மேட்டத் தூக்கி, சாமான் பொட்டியத் தூக்கி, சீட்டுக்கடியில டார்ச்சடிச்சுத் தேடுனோம். எலி இல்லை. வயரெல்லாம் அப்படியே இருக்குது. அப்புறம் பிரேக்குக்கு முன்னால மேட்டுல ஈரமா ஒரு கறை. அதை மோந்து பாத்த ஈஸ்வரி வெளிய ஓடி வாந்தி எடுத்தா. அவனோட காலுல வடிஞ்ச சீழுங்க. சுத்துன துணியையும் மீறி எறங்கி மேட்டுல ஒட்டிக் கெடந்திருக்குது. எனக்கு ஒரு பக்கம் பரிதாபந்தான். ஆனா எலி இல்லைன்னு தெரிஞ்சதும் ஒரு நிம்மதி வந்துது பாருங்க, அதை ஏன் மறைக்கோணும்.

பெரியாஸ்பத்திரியில சேத்தாங்க. முதல்ல ரெண்டு விரல எடுத்தாங்க. ஒரு வாரம் கழிச்சு அஞ்சையும் எடுத்து, பாதத்துல முன்பாதிய எடுத்துட்டாங்க. சக்கரை வியாதிக்காரன், காலுல காயம் பட்டா ஆறாது, அன்னைக்கே வந்திருக்கோணும்னு டாக்டரு சொன்னாராம். அவனுக்குச் சக்கரை இருக்குதுன்னு நான் என்ன ஜோசியமா பாத்தேன், தம்பி? அவனல்ல சொல்லியிருக்கோணும்.

அவன் சம்சாரம் பாவாயி ஒரு நாள் வந்தா. அழுதுட்டு வருவா, ஒப்பாரி வெப்பா, நாலு பேரு கூடுவாங்கன்னு நான் பயந்துட்டு இருந்தேன். அவ அழுகலை. அந்த மரத்தடியிலயே நின்னுக்கிட்டு வண்டியப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்துக் கேட்டா. "அந்தப் பொறி சீட்டுல விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

நான் பொய் பேசறவன் இல்லை. "சீட்ட மாத்தியிருப்பேம்மா. கடையில கெடைக்குது" ன்னேன்.

உள்ளதத்தான சொன்னேன்? இதுல என்ன தப்பு இருக்குது? அவ திரும்பிப் போயிட்டா. நேரா லாரி ஸ்டாண்டுக்குப் போய், அங்க இருக்கற டிரைவருக அத்தனை பேருகிட்டயும் நான் சொன்ன இந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லியிருக்கறா. வேற ஒரு வார்த்தை சேக்கலையாம், என்னைத் திட்டக்கூட இல்லையாம். அன்னைக்கு இருந்துதான் புதுசா எவனும் இந்த வண்டியில வேலைக்குச் சேர்றதில்லை. உண்மையச் சொன்னதுக்கு இதுதான் கூலி. குப்புராஜ் கூட என்ற போன எடுக்கறதில்லை. அவனுக்கென்ன நான் பண்ணுனேன்?

இதெல்லாம் போகட்டும். பதினெட்டு நாளைக்கு முன்னால நடந்ததக் கேளுங்க, அதுதான் எனக்கு நெம்ப வருத்தம். அதுக்கு முன்னாலயெல்லாம் வண்டிய ஒரு மாத்தாள் ஓட்டிட்டு இருந்தான், அவன் அன்னைக்குத்தான் நின்னான். அவன் நின்னது தெரிஞ்சு அர்த்தநாரி வந்தான். கட்டைய ஊனிக்கிட்டு, பஸ்ஸுல வந்து எறங்கி, அந்த ரோட்டுல இருந்து இதுவரைக்கும் நடந்தே வந்துட்டான். வலது காலுல ஆஸ்பத்திரியில குடுத்த செருப்பு, கனமா, பட்டை பட்டையா இருக்குது. எளைச்சுப் போயிருந்தான். ஆனா சவரம் பண்ணிட்டு, காக்கிச் சட்டையத் தொவச்சுப் போட்டுட்டு வந்திருந்தான்.

பாதிக் காலுதானுங்க போயிருக்குது, மீதிக் காலு நல்லா இருக்குது, நான் ஓட்டுவனுங்கன்னான். பிரேக்க மிதிச்சுக் காட்டறேன், பின்னால நின்னு லைட்டப் பாருங்க, ஒரு தடவை எரியாமப் போச்சுன்னா நான் இப்படியே பஸ் ஏறிடறேன்னான். எனக்கும் அவன விட மனசில்லை. அவனாட்டம் வண்டிய ஓட்டறதுக்கு ஆளு எங்க இருக்கறான்? சரி ஏறுன்னேன். கட்டையைச் சாத்தி வெச்சுட்டுப் படியில கால் வெச்சான். செருப்பு, அர்த்தநாரின்னேன்.

கழட்டக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காங்க, ஊட்டுக்குள்ளயே இதைப் போட்டுட்டுத்தாங்க நடக்கறேன்னான். நான் என்ன சொல்றது? அவனுக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாருக்கும் விட்டுக்குடுக்கோணும். மரத்தடியக் கையக் காட்டினேன். அவன் கேபினையே பாத்தான், என்னப் பாத்தான். அப்புறம் படியில உக்காந்து, அந்தப் பட்டையெல்லாம் ஒவ்வொண்ணா அவுத்து, மரத்தடிக்குப் போக முடியாதுங்கறதால செருப்பக் கீழயே ஓரமா வெச்சுட்டு, கட்டுப் போட்ட காலோட கம்பியப் புடிச்சு ஏறிட்டான். சீட்டுல உக்காந்ததும் ஸ்டீரிங்கத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான்.

நான் பின்னால போய் நின்னேன். மிதிச்சான், எரிஞ்சுது. விட்டான், அணைஞ்சுது. மிதிச்சான், எரிஞ்சுது. நான் மனசுக்குள்ள எண்ணிட்டே இருந்தேன், இருவது தடவை. ஒரு தடவை தப்பலை. எனக்கே ஆச்சரியம். சரி, இவனையே போட்டுக்கலாம்னு நெனைச்சுட்டு, சொல்றதுக்காகத்தான் முன்னால வந்தேன். கதவத் தொறந்தேன். பிரேக் மேல, கீழ மேட்டு மேல, ரத்தமும் நீருமா வழிஞ்சிருக்குது. போன தடவை நாறுன மேட்டத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்கிப் போட்ட மேட்டு, தம்பி. போட்டு ரெண்டு மாசங்கூட ஆகலை.

அவன் மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம். "எரிஞ்சுதுங்களா மொதலாளி?"

"எரியலை, அர்த்தநாரி. எறங்கு" ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு நீங்க கேப்பீங்க. அவன் மனசு நோகக் கூடாதுன்னுதான். உன்ற காலு நாறுது, மேட்டு கெட்டுப் போச்சுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்ல முடியுமா? அவன் நம்பிட்டான். நான் சொன்னா அவன் எப்பவும் நம்புவான். தோளுல கெடந்த துண்ட எடுத்து, பிரேக்கத் தொடச்சு, மேட்டத் தொடச்சு, படியையும் தொடச்சுட்டு எறங்குனான். அந்த மரியாதை அவங்கிட்ட உண்டு. செருப்ப ஈஸ்வரி வந்து மாட்டி விட்டா. அன்னைக்கு இருந்து அவளும் எங்கிட்டச் சரியாப் பேசறதில்லை. போறப்ப, சீட்ட நல்லாப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனான்.

இவ்வளவுதான் நடந்துது. இதுல நான் யாரு காலத் தின்னேன், சொல்லுங்க. சரி, அவசரம் இல்லை, டீ வருது, குடிச்சுட்டுப் பேசலாம். உங்களுக்குச் சக்கரை போடலாமல்ல? போடலாமா, அப்ப நெம்ப நல்லது. காலக் கொஞ்சம் இப்படித் தூக்கிக் காட்டுங்க. வெடிப்பு இல்லை, புண்ணு இல்லை, நல்ல சுத்தமான காலு.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்தப் பக்கத்துச் சீட்டுப் பிராக்கெட்டுலயும் இப்ப ஒரு கீறல் தெரியுது. இந்தத் தடவை முத்தறதுக்கு முன்னாலயே அடிச்சுரலாம்னு பள்ளிபாளையத்துல இருந்து வேற வெல்டர வரச் சொல்லியிருக்கேன், அதோ பைக்குல இருந்து எறங்கறான் பாருங்க. பேட்டரியெல்லாம் நான் காத்தாலயே கழட்டி வெச்சுட்டேன். சாக்கு பக்கெட்டுல நனைஞ்சுட்டு இருக்குது, அந்த ரெண்டையும் எடுத்துட்டு ஏறுங்க. பத்தே நிமிசம், சும்மா புடிச்சுட்டு நின்னாப் போதும்.

செருப்பையா பாக்கறீங்க? அது அங்கயே கெடக்கட்டும் தம்பி, யாரும் எடுத்துட்டுப் போயிர மாட்டாங்க.